ஒரு நோட்டீஸ், இரண்டு ஸ்டிக்கர்

உலகம் டிசம்பர் 31-ஆம் தேதி முடியப் போகிறது என்று நோட்டீஸ் அடிக்க வந்தவரிடம் அப்பா முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டார். எங்கள் அச்சகத்தில் தெரிந்தவர்களுக்கு இரண்டு மாதத் தவணை உண்டு. கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் தாலி கட்டி, மொய்ப் பணத்தை எண்ணி முடித்த பிறகுதான் பாக்கியைக் கொண்டுவருவார்கள். கோயில்காரர்கள் திருவிழாக் கணக்கை முடித்த பிறகு. இந்த நோட்டீஸுக்கு மட்டும் அப்பா தலையை ஆட்டிவிட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க பாஸ்டர். ரெண்டு மாசம்னா ஜனவரி வந்துரும். நீங்க சொல்றபடி பார்த்தா வசூல் பண்ண நானும் இருக்க மாட்டேன், குடுக்க நீங்களும் இருக்க மாட்டீங்க."

பாஸ்டர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து மலேசிய வெள்ளி நோட்டுகளை எடுத்து எண்ணி வைத்தார். ரசீதும் கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு ரசீது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

1999 அக்டோபர் மாதம் அது. பினாங்கு ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் எங்கள் அச்சகம். ஒற்றை வண்ண ஆஃப்செட் மெஷின் ஒன்று, வெட்டுகிற மெஷின் ஒன்று, எந்நேரமும் மண்ணெண்ணெய் வாசம். அப்பா மெய்ப்புப் பார்ப்பார், நான் மெஷின் ஓட்டுவேன். நோட்டீஸ் கையகல அளவு, மலிவான சிமிலி தாள், கறுப்பு மை, மூவாயிரம் பிரதி. மேலே பெரிய எழுத்தில் "1999 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை நள்ளிரவு". கீழே வசனங்கள். பாஸ்டர் எந்தப் பெரிய திருச்சபையையும் சேர்ந்தவர் இல்லை. ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டின் முன்னறையில் ஞாயிறும் புதனும் கூடும் ஜெபக்குழுவை நடத்திவந்தார். முப்பது நாற்பது பேர் வருவார்கள். அதில் ஒருவர் என் அத்தை, அப்பாவின் அக்கா.

அத்தை வீட்டுத் தகரக் கூரை அந்த வருடம் ஒழுகிக்கொண்டிருந்தது. பினாங்கில் அக்டோபர் மழை எப்படியிருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுப்படியில் ஒரு வாளி, படுக்கையறையில் ஒரு பேசின். அப்பா கூரை மாற்ற ஆள் பார்த்து, விலையும் பேசிவிட்டார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "எதுக்குத் தம்பி வீண் செலவு? ரெண்டு மாசம்தானே." டிசம்பரில் நான் வழக்கம்போல எங்கள் அச்சகத்து நாள்காட்டியைக் கொண்டுபோனேன், தினம் ஒரு தாள் கிழிக்கிற வகை. அதையும் வாங்கவில்லை. "எனக்கு வேணாம்யா, வீணாப் போயிரும். வேற யாருக்காச்சும் குடு."

31-ஆம் தேதி இரவு ஜெபக்குழு விடிய விடிய உட்கார்ந்திருந்தது. நான் அன்றிரவு நண்பர்களோடு கர்னி டிரைவ் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு வாணவேடிக்கை. கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிடும் என்று பயமுறுத்தியிருந்தார்களே, அதுவும் நடக்கவில்லை. மின்விளக்கு ஒன்றுகூட அணையவில்லை. திங்கட்கிழமை, ஜனவரி 3, அச்சகத்தைத் திறந்து முதல் கோப்பி ஓ, அதாவது பாலில்லாக் காப்பி, குடித்துக்கொண்டிருந்தபோது அத்தை பஸ் பிடித்து வந்துவிட்டார். என்ன சொல்வார், என்ன கேட்பது என்று எனக்குச் சங்கடம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "காலண்டர் மிச்சம் இருக்காய்யா?"

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றை எடுத்து, முதல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டுக் கொடுத்தார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து பாஸ்டர் வந்தார். கையில் ஒரு கட்டு, விநியோகிக்காமல் மீதியான ஆயிரம் நோட்டீஸ். கணக்கில் சின்னப் பிழை என்றார். நூற்றாண்டு 1999-ஓடு முடியவில்லை, 2000-ஓடுதான் முடிகிறது. அதனால் ஆண்டை மட்டும் மாற்றினால் போதும். புதிதாக அடிக்கப் பணம் இல்லை, ஸ்டிக்கர் போதும்.

மிரர்கோட் ஸ்டிக்கர் தாளில் "2000" என்று வரிசை வரிசையாக அடித்து, சின்னத் துண்டுகளாக வெட்டினேன். ஒட்டுக்கூலியை மிச்சம் பிடிக்க அத்தையையும் இன்னும் இரண்டு பெண்களையும் பாஸ்டர் அனுப்பிவைத்தார். அச்சகத் தரையில் பழைய பேப்பரை விரித்து நாலு பேரும் உட்கார்ந்து ஒட்டினோம். ஸ்டிக்கர் நல்ல வெள்ளைதான், ஆனால் நோட்டீஸை வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் 1999 தெரியும். முந்நூறு ஒட்டியிருப்போம். அத்தை கையை நிறுத்திவிட்டு ஒரு நோட்டீஸை உற்றுப் பார்த்தார்.

"ஏன்யா, இந்த வருசம் டிசம்பர் 31 ஞாயித்துக்கெழமைல்ல?"

வீட்டுக்குக் கொண்டுபோன அன்றே புது நாள்காட்டியில் கடைசித் தாளைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். நோட்டீஸில் வெள்ளிக்கிழமை என்று இருந்தது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை, மெய்ப்புப் பார்த்தே தலை நரைத்த அப்பாகூட. பாஸ்டருக்குப் போன் போட்டேன். கடிந்துகொள்வார் என்று நினைத்தால், மறுமுனையில் ஒரே ஆனந்தம். "ஞாயிற்றுக்கிழமையா? ஆண்டவருடைய நாள் ஆயிற்றே! பார்த்தீர்களா, இதனால்தான் போன வருடம் நடக்கவில்லை!" ஆக, இரண்டாவது ஸ்டிக்கர்: "ஞாயிற்றுக்கிழமை". ஒரு பிழையைத் திருத்தப் போய் அந்தத் திருத்தமே சாட்சியாகிவிட்டதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

அப்போது எனக்கு அது ஒரு வேடிக்கைக் கதை, அவ்வளவுதான். நண்பர்களிடம் நடித்துக் காட்டியிருக்கிறேன். இது நம் ஜெலுத்தோங் முன்னறையில் மட்டும் நடந்ததில்லை, ஏற்கெனவே கிட்டத்தட்ட இதே கணக்கோடு அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்திருக்கிறது என்பது பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது.

வில்லியம் மில்லர் நியூயார்க் மாநிலத்து விவசாயி. 1812 போரில் சண்டை போட்டவர், பாப்டிஸ்ட் விசுவாசி. தானியேல் புத்தகத்தில் "இரண்டாயிரத்துமுந்நூறு இராப்பகல் செல்லும்வரைக்கும் இருக்கும்; பின்பு பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும்" என்று ஒரு வசனம் வருகிறது. அந்த ஸ்தலம் பூமி, சுத்திகரிப்பு கிறிஸ்து திரும்பி வருவது என்று எடுத்துக்கொண்டார். ஒரு நாள் என்றால் ஒரு வருடம் என்று வைத்துக்கொண்டு, கி.மு. 457-இலிருந்து 2,300 வருடம் எண்ணினார். 2,300-இல் 457 போனால் 1843. கிறிஸ்து 1843 மார்ச் 21-க்கும் 1844 மார்ச் 21-க்கும் இடையில் வருவார் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அவர் பேச்சைக் கேட்டு நம்பியவர்கள் பல்லாயிரம் பேர்.

வரவில்லை. அப்போது அவர்கள் கண்டுபிடித்த பிழைகளில் ஒன்று பூஜ்யம். கிறிஸ்துவின் பிறப்பிலிருந்து ஆண்டை எண்ணும் முறையை 6-ஆம் நூற்றாண்டில் வகுத்த துறவி ரோமன் எண்களில் கணக்குப் போட்டவர். அதில் பூஜ்யத்துக்கு எழுத்தே இல்லை. அதனால் கி.மு. 1 முடிந்ததும் நேராக கி.பி. 1. நடுவே பூஜ்ய ஆண்டு கிடையாது. அதைக் கணக்கில் எடுத்தால் மில்லரின் 1843 ஒரு வருடம் தள்ளி 1844 ஆகிவிடும். நம் பாஸ்டரின் 1999 ஒரு வருடம் தள்ளி 2000 ஆனதும் இதே பூஜ்யம் இல்லாத குறையால்தான். பூஜ்யத்தைக் கண்டுபிடித்தது எங்கள் ஆள் என்று மார்தட்டுகிறோம். இந்த ஒரு இடத்தில் அதைக் கடன் கொடுத்திருந்தால் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்!

1844 வசந்தத்தில் ஒரு தேதி போயிற்று. அப்புறம் சாமுவேல் ஸ்னோ என்பவர் யூதர்களின் பாவநிவாரண நாளை வைத்துக் கணக்கிட்டு, அக்டோபர் 22 என்று ஒரே ஒரு நாளைக் குறித்தார். இதற்குத்தான் கூட்டம் மொத்தமாகச் சாய்ந்தது. சிலர் வயலில் விளைந்ததை அறுக்காமலே விட்டார்கள். அத்தையின் வாளியும் பேசினும் ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது. அந்த நாள் போன பிறகு அழுததை அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். விடியும்வரை அழுதோம் என்று எழுதியவர்களில் ஹைரம் எட்சன் ஒருவர். மறுநாள் காலை, சக விசுவாசிகளுக்கு ஆறுதல் சொல்ல ஒரு சோளக்காட்டுக்குள் குறுக்கே நடந்துபோனபோது அவருக்கு ஒன்று தோன்றியது. தேதி சரி, இடம்தான் தப்பு. வசனம் சொன்ன பரிசுத்த ஸ்தலம் பூமி இல்லை, பரலோகத்தில் இருப்பது. கிறிஸ்து நேற்று அங்கே ஒரு அறையிலிருந்து உள்ளறைக்குள் போயிருக்கிறார். அதாவது, சொன்னது நடந்தேவிட்டது, நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

இந்த இடத்தில் நான் நின்று நின்று யோசித்திருக்கிறேன். எண்ணை மாற்றினால் அடுத்த வருடம் அதே சங்கடம் மறுபடி வாசலில் வந்து நிற்கும். நடக்கும் இடத்தை மேலே ஏற்றிவிட்டால் யாராலும் போய்ப் பார்த்துவிட்டு வந்து இல்லை என்று சொல்ல முடியாது. அந்தக் காலை நடையில் ஒட்டப்பட்ட ஸ்டிக்கர் இன்றுவரை உரியவில்லை. மில்லரைப் பின்பற்றியவர்களில் பெரும்பாலோர் விலகிப் போய்விட்டார்கள். மிஞ்சிய சிறு கூட்டம் ஒன்று 1863-இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாக ஒழுங்கானபோது உறுப்பினர்கள் சுமார் 3,500 பேர். இன்று உலகம் முழுக்க 2 கோடிக்கும் மேல்.

பினாங்குக்காரர்களுக்கு இந்தப் பெயர் புதிதில்லை. பர்மா ரோட்டில் இருக்கும் அட்வென்டிஸ்ட் மருத்துவமனை 1924-இல் தொடங்கியது. சில வருடம் முன்பு அத்தையை அங்கே முழங்கால் காட்ட அழைத்துப்போனேன். கேண்டீனில் இறைச்சி கிடையாது. உடலைப் பேணுவது அந்தச் சபைக்கு விசுவாசத்தின் பாகம், சைவ உணவை வலியுறுத்துகிறவர்கள். காலை உணவுக்குச் சோளத்தை அவலாக்கித் தட்டில் போட்டுக் கொடுத்த கெல்லாக்கும் அந்த வட்டாரத்திலிருந்து வந்த டாக்டர்தான். அத்தை சைவ மீ நூடுல்ஸை முள்கரண்டியால் கிளறிக்கொண்டே, "உப்புக் கம்மி, ஆனா நல்லாருக்கு" என்றார். எனக்குச் சோளக்காடுதான் மனதில் ஓடியது. உலகம் நாளை முடியும் என்று நம்பித் தோற்றவர்களின் வழியில் வந்தவர்கள், நூறு வருடம் நிற்கிற மருத்துவமனை கட்டி, அதில் எலும்பு தேய்ந்த கிழவிகளுக்கு நடைப்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார்கள். இதில் கேலி செய்ய என்ன இருக்கிறது? கேலி செய்துகொண்டிருந்த நானே அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு மீ சாப்பிட்டேன்.

பூஜ்யம் இன்னொரு இடத்திலும் தலைகாட்டுகிறது, அங்கே அது எதிர்த்திசையில் வேலை செய்தது. இன்று யெகோவாவின் சாட்சிகள் என்று அறியப்படும் இயக்கத்தின் ஆரம்பகர்த்தா சார்லஸ் டேஸ் ரஸல். கி.மு. 606-இலிருந்து 2,520 வருடம் எண்ணி 1914-க்கு வந்தவர். 1914-இல் உலக அரசுகள் ஒழிந்து கடவுளின் அரசு வரும் என்பது எதிர்பார்ப்பு. அரசுகள் ஒழியவில்லை, ஆனால் முதல் உலகப் போர் வெடித்தது. அதனால் 1914 என்ற எண் கைவிட முடியாததாகிவிட்டது. பிறகு, பூஜ்ய ஆண்டு இல்லை என்பதை 1940-களில் கணக்கில் சேர்த்தபோது முடிவை 1915-க்குத் தள்ளவில்லை, தொடக்கத்தை ஒரு வருடம் பின்னால், கி.மு. 607-க்கு, இழுத்தார்கள். வாடகை கொடுக்க முடியாதவன் மாதத்தின் முதல் தேதியை நகர்த்துவதுபோல.

அவர்களின் கதையில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு வீடு. ரஸலுக்குப் பின் வந்த ரதர்ஃபோர்ட், ஆபிரகாமும் ஈசாக்கும் போன்ற ஆதிப் பிதாக்கள் 1925-இல் உயிர்த்தெழுந்து வருவார்கள் என்று எழுதினார். 1925 வந்தது, போயிற்று. அதற்கப்புறம், 1929-இல், கலிபோர்னியாவின் சான் டியேகோவில் அவர்கள் வந்தால் தங்குவதற்கென்று பெத் சாரிம் என்ற வீடு கட்டப்பட்டது. தாவீது ராஜா உள்ளிட்டவர்களின் பெயர் அந்த வீட்டுப் பத்திரத்திலேயே இருக்கிறது. அவர்கள் வரும்வரை ரதர்ஃபோர்டே அதில் குடியிருந்தார். 1948-இல் வீடு விற்கப்பட்டது. பிறகு 1975-ஐ ஒட்டி இன்னொரு எதிர்பார்ப்பு, ஆதாம் படைக்கப்பட்டு 6,000 வருடம் நிறைகிறது என்பதால். சிலர் வீட்டை விற்றுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போனார்கள். 1914-ஐக் கண்ட தலைமுறை ஒழிவதற்குள் முடிவு வரும் என்ற போதனையை 1995-இல் மாற்றினார்கள். 2010-இல், ஒன்றன் வாழ்நாள் இன்னொன்றின் மேல் படியும் இரண்டு கூட்டத்தாரும் சேர்ந்து ஒரே தலைமுறை என்று ஆயிற்று. தலைமுறை என்ற சொல்லை இவ்வளவு நீளமாக இழுக்கலாம் என்று எங்கள் அச்சகத்து மெய்ப்புக்காரருக்குத் தோன்றியிருக்காது.

இதையெல்லாம் ஆராய்ந்த உளவியலாளர்கள் உண்டு. லியான் ஃபெஸ்டிங்கரும் கூட்டாளிகளும் 1954-இல் சிகாகோ அருகே ஒரு பெண்மணியைச் சுற்றி இருந்த சிறு குழுவுக்குள் ஆள் அனுப்பி வேவு பார்த்தார்கள். டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம், அதற்கு முன் நள்ளிரவில் பறக்கும் தட்டு வந்து ஏற்றிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. உலோகம் ஆகாது என்று ஆடையிலிருந்த ஜிப்பைக்கூட வெட்டி எடுத்துவிட்டார்கள். அறையில் இருந்த ஒரு கடிகாரம் 12:05 காட்டியது. ஒருவர் இன்னொரு கடிகாரத்தைக் காட்டினார், அதில் 11:55. மெதுவாக ஓடுகிற கடிகாரம்தான் சரி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். விடியற்காலை 4:45-க்கு அந்தப் பெண்மணிக்கு மேலிருந்து செய்தி வந்தது: இந்தச் சிறு கூட்டம் பரப்பிய ஒளியால் உலகம் காப்பாற்றப்பட்டுவிட்டது. அதுவரை பத்திரிகைக்காரர்களை விரட்டியவர்கள் அப்புறம் தாங்களே அவர்களுக்குப் போன் போட்டார்கள். நம்பிக்கை பொய்த்தால் மனிதன் அதை விடுவதற்குப் பதில் இன்னும் உரக்கச் சொல்வான் என்பது ஃபெஸ்டிங்கரின் முடிவு. ஆனால் வேவு பார்க்கப் போனவர்களே கூட்டத்தில் கணிசமானவர்களாக இருந்ததும், அவர்கள் வந்து சேர்ந்ததையே குழுவினர் தெய்வச் செயலாக எடுத்துக்கொண்டதும் ஆய்வின் பெரிய ஓட்டை. பழைய ஆவணங்களை அண்மையில் தோண்டியவர்கள், அந்தக் குழு சீக்கிரமே கலைந்துபோனது என்றும் காட்டியிருக்கிறார்கள். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. மில்லர் கூட்டத்திலும் பெரும்பாலோர் போய்விட்டார்கள்தானே. எங்கள் பாஸ்டரின் கூட்டத்திலும் 2000 ஜனவரிக்குப் பிறகு பாதிப் பேரைக் காணோம். தங்கியவர்களைத்தான் நாம் கதையாகச் சொல்கிறோம்.

அத்தை ஏன் தங்கினார்? நேராகவே கேட்டேன், அவர் ஸ்டிக்கர் ஒட்டிய அந்த வருடமே. அவர் கணக்கைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மாமா இறந்தபோது நாற்பது நாள் அந்தக் குழுப் பெண்கள் முறை வைத்து வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தார்களாம். "ஒங்கப்பன் வந்தான், காசு குடுத்தான், போய்ட்டான். அவங்க வந்து பாத்திரம் கழுவுனாங்க." அப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். 1999 என்றாலும் 2000 என்றாலும் அத்தைக்குப் புதன்கிழமை மாலை புதன்கிழமை மாலைதான்.

நம் பக்கம் மட்டும் சுத்தமா என்றால், அதுவும் இல்லை. 1962 பிப்ரவரி தொடக்கத்தில் எட்டுக் கிரகமும் மகர ராசியில் கூடின. தை அமாவாசை, கூடவே சூரிய கிரகணம். இந்தியாவெங்கும் உலகம் அழியப் போகிறது என்று பீதி, ஊருக்கு ஊர் யாகம். பிரதமர் நேரு சிரித்தார். நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்த என் பாட்டி சிரிக்கவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மூன்று நாள் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டார்களாம். பால்மரம் வெட்டப் போகாவிட்டால் சம்பளம் போகும் என்பதால் காலையில் மரம், மாலையில் பூசை. நாள் கடந்த பிறகு பாட்டி சொன்னது: "நாங்க கும்பிட்டதாலதான் ஒண்ணும் நடக்கல." சிகாகோ வீட்டில் விடியற்காலை 4:45-க்கு வந்த செய்தியும் இதேதான், பாட்டிக்கு அதை எழுதிக்கொடுக்க யாரும் தேவைப்படவில்லை. கலியுகக் கணக்குப் போட்டவர்கள் மட்டும் படு சமர்த்தர்கள். மொத்தம் 432,000 வருடம், அதில் ஐயாயிரத்துச் சொச்சம்தான் ஆகியிருக்கிறது. சொன்னவரைத் தேடிப் போய்ச் சட்டையைப் பிடிக்க எவனும் இருக்க மாட்டான்.

அச்சுத் தொழிலில் பிழையைச் சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று ஸ்டிக்கர், பழையதை மறைப்பது. இன்னொன்று பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில் இருக்குமே, பிழைதிருத்தப் பக்கம். இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் திருத்தம், இரண்டும் கண்முன். அப்பாவுக்கு ஸ்டிக்கர் பிடிக்காது, ஒட்டுவதற்கு முன் எப்போதும் ஒரு பெருமூச்சு விடுவார். தீர்க்கதரிசனக்காரர்களில் பிழைதிருத்தம் அச்சிட்டவர்கள் குறைவு, ஆனால் இருக்கிறார்கள். மில்லரே ஒருவர். தான் கணக்கிட்டது தப்பு என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டார், ஆனாலும் சீக்கிரம் வருவார் என்று காத்திருந்தபடியே 1849-இல் இறந்தார். ஹெரால்ட் கேம்பிங் இன்னொருவர். கலிபோர்னியாவில் வானொலி நடத்திய இந்த முதியவர் 1994 என்றார், பிறகு 2011 மே 21 என்றார். 5, 10, 17 ஆகியவற்றைப் பெருக்கி, வந்ததை அதே எண்ணால் மறுபடி பெருக்கினால் 722,500. சிலுவையில் அறைந்த நாளிலிருந்து அத்தனை நாள் எண்ணினால் அந்தத் தேதி. உலகெங்கும் விளம்பரப் பலகை வைத்தார்கள். நியூயார்க்கில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தன் சேமிப்பு 140,000 டாலரை விளம்பரத்துக்கே போட்டுவிட்டு, அன்று மாலை டைம்ஸ் சதுக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மே 21-இல் நியாயத்தீர்ப்பு ஆவிக்குரிய முறையில் நடந்துவிட்டது, அழிவு அக்டோபர் 21-இல் என்று கேம்பிங் ஸ்டிக்கர் ஒட்டினார். அதுவும் போன பிறகு, 2012 மார்ச்சில், நாள் குறித்தது பாவம், தப்பு எங்களுடையது என்று எழுதினார். அப்போது அவருக்கு வயது 90. காலம் கடந்த பிழைதிருத்தம்தான். 140,000 டாலரை அது திருப்பித் தராது. இருந்தாலும் அப்பா இருந்திருந்தால் அந்தக் கடிதத்துக்கு ஒரு மரியாதை கொடுத்திருப்பார்.

எங்கள் பாஸ்டர் பிழைதிருத்தம் போடவில்லை. 2000 டிசம்பர் 31, ஞாயிற்றுக்கிழமை, அதுவும் போயிற்று. 2001-இல் மூன்றாவது நோட்டீஸ் அடிக்க வந்தார். இந்த முறை தேதியே இல்லை. "கடைசிக் காலம் தொடங்கிவிட்டது" என்று தலைப்பு. வினைச்சொல் மாறியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே வேதத்திலிருந்து ஒரு வசனம்: "அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர்தவிர மற்றொருவனும் அறியான்." அப்பா மெய்ப்பில் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலே அவரைப் பார்த்தார். "இது முன்னாடியே புஸ்தகத்துல இருந்துச்சா பாஸ்டர்?" இருந்தது என்றார் பாஸ்டர். அந்த முறை அப்பா இரண்டு மாதத் தவணை கொடுத்தார்.

2004 டிசம்பர் 26, அதுவும் ஒரு ஞாயிறு. மதியம் ஒரு மணிக்கு மேல் கடல் பத்து ஃபெரிங்கியிலும் தஞ்சோங் பூங்காவிலும் பாலிக் புலாவ் கரையிலும் ஏறியது. பினாங்கில் மட்டும் 52 பேர் செத்தார்கள். அடுத்த வாரம் பாஸ்டர் குழுவில் இருந்து ஒருவர் நோட்டீஸ் அடிக்க வந்து, "பார்த்தீங்களா, சொன்னோமே" என்றார். கடலோரம் தெரிந்தவர் வீட்டுச் சாவுக்குப் போய்விட்டு வந்திருந்தார் அப்பா. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அபூர்வம். "எப்ப சொன்னீங்க? 2004-ன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினோமா? ஒட்டியிருந்தா அந்தப் புள்ளைங்க கடல்பக்கம் போயிருக்காதே." வந்தவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அந்த நோட்டீஸை நாங்கள் அடிக்கவில்லை. வேறெங்கோ அடித்திருப்பார்கள்.

கூரைக் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். ஸ்டிக்கர் ஒட்டியதால் அதற்கும் ஒரு வருடம் தவணை கிடைத்திருந்தது. 2000 அக்டோபர் மழைக்கும் அதே வாளி, அதே பேசின். 2001 பிப்ரவரியில் அத்தையே போன் செய்து ஆளை வரச் சொன்னார். ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, வந்து ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு, இரண்டு மாதிரித் தகடுகளைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். இது மெல்லிசு, பத்து வருடம் போகும். இது கனம், விலை கூட, இருபது வருடம் தாங்கும் என்று மலாயில் விளக்கினார். அத்தை கனமான தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"இருவது வருசமாம்யா. அதுவரைக்கும் அவரு வராமலா இருப்பாரு?"

நான் பேசவில்லை. இன்னொரு தட்டுத் தட்டி, ஓசையைக் கேட்டார்.

"சரி, அதையே போடச் சொல்லு."